மாமாவின் கண்ணும் அக்காவின் கண்ணும்

என் கைப்பேசியில் மூன்று விழித்திரைப் படங்கள் இருக்கின்றன. மாமாவுடையது ஒன்று, அக்காவின் மகனுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று. மூன்றும் யாழ்ப்பாணத்தில் ஒரு கண் கிளினிக்கில் எடுத்தவை. துளி மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து, உள்ளே வெளிச்சம் பாய்ச்சி எடுக்கிற படம். எடுத்த பிறகு சில மணித்தியாலங்களுக்கு வெயில் கூசும், கிட்டப் பார்வை மங்கும். வேறு நோவு ஒன்றும் இல்லை.

மாமாவின் படத்தை யார் பார்த்தாலும் ஏதோ பிழை என்று தெரியும். இரத்தக் குழாய்கள் நூல்போல மெலிந்துவிட்டன. பார்வை நரம்பு புறப்படும் வட்டம் மெழுகுபோல வெளிறியிருக்கிறது. நடுவில் ஒரு சிறிய இடத்தைத் தவிர எல்லாப் பக்கமும் கரிக்கோடுகள்; கிளை விட்டு, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு பரவிக் கிடக்கின்றன. அக்காவின் மகனுடைய படத்தில் அதே கோடுகள், ஆனால் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. அவன் இன்னும் ஓ.எல். பரீட்சை எழுதவில்லை. இருவருக்கும் ஒரே நோய்: ஒளியை உணரும் கலங்கள் மெல்ல மெல்ல அழியும் ஒரு பரம்பரை விழித்திரை நோய்.

அக்காவின் படத்தைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அவளுக்குப் பகலில் கண் நன்றாகத் தெரியும். தையல் வேலை செய்கிறாள், ஊசியில் நூல் கோர்க்கிறாள். ஆனால் அவளுடைய விழித்திரையின் மையத்தைச் சுற்றி மெல்லிய பொன்னிறக் கீற்றுகள் ஓடுகின்றன. வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும், ஆப்பு வடிவத்தில், மாமாவின் கண்ணில் உள்ள அதே கறுப்புப் பொட்டுகள். அதை ஒட்டியே பழுதில்லாத விழித்திரை. டொக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "அம்மா, இது உங்கட அம்மாவழியால வந்தது. உங்கட மகனுக்கு நீங்கள் ஒண்டும் செய்யேல்லை, அதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ" என்றார். அக்கா அழுதாள். எனக்கு அந்தப் பொன்னிறம் என்னவென்று அறிய வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வீட்டிலேயே இப்படி ஒன்று இருக்கும்போது தெரியாமல் இருக்க முடியாது.

விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இரண்டு வகை. மங்கலான ஒளியில் வேலை செய்யும் கோல்கள், ஒரு கண்ணில் ஏறக்குறைய 12 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்புகள், 60 லட்சம் அளவில். இந்தக் கலங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கல அளவு தடிப்பான ஒரு படை இருக்கிறது: நிறப்பொருள் மேலணி. தேனடையின் அறைகளைப் போல நெருக்கமாக அடுக்கிய அறுகோணக் கலங்கள், உள்ளே மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருளின் மணிகள். கரு உருவாகி ஐந்தாறு வாரங்களிலேயே இதற்குக் கறுப்பு ஏறிவிடும். தோலுக்கு நிறம் வருவதற்கு எவ்வளவோ முன்னால்.

அந்தக் கறுப்பு சிதறும் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு இந்தப் படையின் வேலை முடிவதில்லை. கோல்களின் நுனி ஒவ்வொரு நாளும் பத்திலொரு பங்கு அளவில் தேய்ந்து உதிர்கிறது. உதிர்வதை விழுங்கிச் செரிப்பது இந்த மேலணிக் கலங்கள்தான். காலையில் வெளிச்சம் வந்ததும் இந்த வேலை மும்முரமாக நடக்கும். ஒளி பட்டு மாறிப்போன விற்றமின் ஏ மூலக்கூறைத் திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றிக் கோல்களுக்கு அனுப்புவதும் இவைதான். இந்தக் கலங்கள் வாழ்நாளில் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை. பிறக்கும்போது கிடைத்த கலங்களை வைத்தே எண்பது வயது வரைக்கும் காலம் தள்ள வேண்டும்.

இதற்கும் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த இன்னொரு படை. அங்கேயும் மெலனின் உண்டு. ஆனால் அந்த மெலனின் கலங்கள், கருவில் தோலின் மெலனின் கலங்கள் புறப்பட்ட அதே இடத்திலிருந்து வந்தவை. நிறப்பொருள் மேலணியோ மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்து உருவானது. அதனால்தான் உலகத்து மனிதர் எல்லோருக்கும் மேலணியின் கறுப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க, பின்படையின் கறுப்பு ஆளுக்காள் மாறுகிறது. ஐரோப்பியர் ஒருவரின் விழித்திரைப் படம் செம்மஞ்சளாகத் தெரியும், பின்னாலுள்ள குழாய்கள்கூடத் தெரியும். எங்களுடையது ஆழ்ந்த மண்ணிறம். இந்த அடர்த்தியைத் தீர்மானிப்பதில் 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள டிஒய்ஆர், 15ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஓசிஏ2 போன்ற மரபணுக்களுக்குப் பங்குண்டு. அவை முற்றாகப் பழுதானால் பிள்ளை வெண்மையாகப் பிறக்கும். அப்போது நிறம் மட்டும் போவதில்லை. விழித்திரையின் நடுக்குழி சரியாக உருவாகாது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு நார்கள் பிழையான பக்கத்துக்குக் கடக்கும். நிறப்பொருளை ஒரு பூச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண் கட்டப்படும்போதே வழிகாட்டுவது அது என்பதைப் படித்தபோது வியந்துபோனேன்.

சரி, மாமாவுக்கு வருவோம்.

மாமா ஒட்டுசுட்டான் பக்கம் பிறந்து வளர்ந்தவர். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் குடும்பத்துக்கு இருந்தது. இருட்டுப்பட்டால் அவருக்கு வழி தெரியாது என்பது சின்ன வயதிலேயே அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வன்னியில் இருட்டு எல்லோருக்கும் இருட்டுத்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் தங்கம்போல. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துக் கொஞ்சமாய் எண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் ஊர் படித்தது, சமைத்தது, செத்த வீட்டுக்கும் போனது. அந்த வெளிச்சத்தில் ஒருவன் கதிரையில் இடறினால் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். நோய் அந்த மங்கலுக்குள் வசதியாக ஒளிந்திருந்தது.

ஒளிய முடியாத இடங்களும் இருந்தன. கதிர் முற்றும் காலத்தில் ஆம்பிளைகள் யானைக் காவலுக்கு வயலில் படுப்பார்கள். மாமா போக மாட்டார். சோம்பேறி என்றார்கள், பயந்தவன் என்றார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு ஊரே இரவிரவாக நடந்து போகும். கடல்நீரில் விளக்கெரியும் அந்தக் கோயில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தாய்வீடு. மாமா மட்டும் பின்னேரமே போய், ஒரு இடத்தில் இருந்து, விடிந்த பிறகுதான் எழும்புவார். பக்தி என்று ஊர் நினைத்தது. "பிள்ளை, எனக்கு இருட்டெண்டால் கறுப்பில்லை. ஒரு சாம்பல். அதுக்குள்ள ஆக்கள் திடீரெண்டு முளைப்பினம்" என்று இப்போது சொல்கிறார். அந்த வயதில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதே அவருக்குத் தெரியாதே.

அம்மம்மா ஆட்டு ஈரல் கொடுத்தார், முருங்கையிலை கொடுத்தார், பொன்னாங்காணி கொடுத்தார். அந்த வைத்தியம் பிழையான வைத்தியம் இல்லை. விற்றமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு அதுதான் வைத்தியம். சத்து உடலுக்குப் போய்ச் சேர்ந்தால் சில நாட்களிலேயே இருட்டில் பார்வை திரும்பத் தொடங்கும். மாமாவுக்கு இருந்தது வேறு. அவருடைய உடலில் விற்றமின் ஏ போதியளவு இருந்தது. அதைப் பாவிக்க வேண்டிய கோல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்று. உள்ளே பார்க்க ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவியை 1851இல் உலகத்துக்கு அறிவித்தவர் ஜேர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதுவரைக்கும் உயிருள்ள மனிதரின் விழித்திரையை ஒழுங்காகப் பார்க்க வழியிருக்கவில்லை. கருவி கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய வைத்தியர்கள் இந்தக் கரிக்கோடுகளைக் கண்டு எழுதிவிட்டார்கள். நெதர்லாந்தின் டொண்டர்ஸ் வைத்த பெயர்தான் இன்றைக்கும் நோயாளர் அட்டையில் 'ஆர்.பி.' என்று சுருங்கி நிற்கிறது: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. உலகளவில் ஏறக்குறைய 4000 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் உண்டு.

கோடுகள் எப்படி உண்டாகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிடித்த என்பது இங்கே பொருந்தாத வார்த்தையாக இருக்கலாம், ஆனாலும் அப்படித்தான் உணர்கிறேன். கோல்களும் கூம்புகளும் செத்து மறைந்த இடத்தில், அவற்றைத் தாங்கிப் பராமரித்த மேலணிக் கலங்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. அவை தம் இடத்திலிருந்து கழன்று, மெலிந்துபோன விழித்திரைக்குள் நகர்கின்றன. அங்கே எட்டும் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிந்து தங்கிவிடுகின்றன. குழாய் கிளைக்கும் இடத்தில் கறுப்பும் கிளைக்கிறது. அதனால்தான் அந்த வடிவம். மாமாவின் படத்தில் நான் பார்ப்பது நோயின் நிறம் மட்டுமல்ல. அவருடைய சொந்தக் குழாய்களின் வரைபடமும்தான். கோல்கள் அதிகமாக உள்ள நடுச்சுற்றில் அழிவு தொடங்கி, பார்வைக்கு வளையம்போலச் சுருக்குப் போட்டு, நடுப்பகுதியைக் கடைசியாகத் தொடுகிறது. மாமா நெடுங்காலம் பத்திரிகை வாசித்தார், ஆனால் வாசலில் நிற்கும் சைக்கிளில் மோதுவார். ஊர் சிரித்தது. வாசிக்கத் தெரிந்தவனுக்கு சைக்கிள் தெரியாதா?

2009 தொடக்கத்தில், சனம் முழுவதும் புதுக்குடியிருப்பைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, இரவுகளில் மாமா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போது அவருக்குப் பகலிலும் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அதைப் பற்றி அவரும் அம்மாவும் இப்போதும் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அந்த நாட்களில்தான் மாமாவின் தம்பி, சின்ன மாமா, காணாமற்போனார்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அக்காவின் மகனுக்கு நோய் என்று தெரிந்தபோது டொக்டர் கேட்டது குடும்ப மரம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், நோயுள்ளவர்களுக்கு உள்ளே நிறம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. நான் வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்த படம். அன்றைக்குக் கொப்பித் தாளில் வரையும்போது கை நின்றுவிட்டது. அம்மம்மாவின் தம்பிமாரில் ஒருவர் இளவயதில் காய்ச்சலில் போனவர், அவருக்குக் கண் எப்படி என்று சொல்ல ஆளில்லை. சின்ன மாமாவுக்கு இரவில் கண் தெரிந்ததா? அம்மா தெரியும் என்கிறார், பெரியம்மா தெரியாது என்கிறார். அவருடைய சதுரத்துக்குக் குறுக்குக் கோடு போட அம்மா விடவில்லை. நான் போடவும் இல்லை. உள்ளே ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்தேன். வேறு ஊர்களில் வைத்தியர்கள் ஐந்து தலைமுறைக்கு மரம் வரைந்து நோயின் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். வன்னியில் பல குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறைக்கு மேல் சதுரமும் வட்டமும் நிரப்ப முடியாது. ஆட்களும் இல்லை, பழைய கிளினிக் கொப்பிகளும் இல்லை, புகைப்படங்களும் இல்லை.

அதனால்தான் அக்காவின் கண் எங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயமானது. மரம் சொல்லாததை அவளுடைய விழித்திரை சொன்னது.

இந்த நோயை உண்டாக்கும் மரபணு ஒன்றல்ல, 80க்கும் மேல். முதலாவது விகாரம், அதாவது மரபணுப் பிழை, 1990இல் தெரியவந்தது: கோல்களில் ஒளியைப் பிடிக்கும் ரொடொப்சின் புரதத்தின் 23ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதிலாக ஹிஸ்டிடின். ஒரே ஒரு எழுத்து மாறியதால் வந்த வினை. சில மரபணுக்களில் பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிழைப் பிரதியே போதும். சிலவற்றில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும். இன்னும் சில எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் இருப்பது இந்த மூன்றாவது வகை. ஆர்.பி.ஜி.ஆர். என்பது மரபணுவின் பெயர். 1996இல் அடையாளம் காணப்பட்டது. அக்காவின் மகனுடைய இரத்தத்தை இந்தியாவுக்கு அனுப்பிச் செய்த சோதனையில் அது உறுதியானது. ஆனால் சோதனை முடிவு வருவதற்கு முன்பே, அக்காவின் படத்தைப் பார்த்த அன்றே டொக்டர் எக்ஸ் என்று சொல்லிவிட்டார்.

எப்படிச் சொன்னார்? ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பிழை இருந்தால் மாற்றுக்கு வேறு பிரதி இல்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் ஒவ்வொரு கலத்திலும் இரண்டும் ஒன்றாக வேலை செய்வதில்லை. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் மூடிவிடுகிறது. அந்தக் கலத்திலிருந்து பிறக்கும் கலங்களெல்லாம் அதே எக்ஸை மூடியே வைத்திருக்கும். இதை 1961இல் எடுத்துச் சொன்னவர் மேரி லயன், பிரித்தானிய மரபியலாளர். எலிகளின் மயிர் நிறத்தில் கண்ட திட்டுகளிலிருந்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகள் அநேகமாகப் பெட்டையாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் அன்றைக்குப் பின்னேரமே தங்கள் வீட்டுப் பூனைகளைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அக்காவின் விழித்திரையும் அப்படியொரு கலவைதான். சில திட்டுகளில் நல்ல எக்ஸ் வேலை செய்கிறது. அங்கே விழித்திரை சுகமாக இருக்கிறது. சில திட்டுகளில் பிழையான எக்ஸ். அங்கே பொன்னிறம், ஓரத்தில் கரிக்கோடு. கண் வளரும்போது கலங்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெருகியதால் கீற்றுகளும் அப்படியே சக்கரத்தின் ஆரங்கள்போல விரிந்து ஓடுகின்றன. அவள் தாயின் வயிற்றில் இருந்தபோது எந்தக் கலம் எதைத் தெரிந்தெடுத்தது என்பது நாற்பது வருடத்துக்குப் பிறகும் படத்தில் பதிந்து கிடக்கிறது. அந்தப் பொன்னிறத்துக்கு வைத்தியர்கள் மிருகக் கண்ணின் பளபளப்பைத்தான் உவமை சொல்கிறார்கள். காட்டுக்கரையில் ரோச் லைற் அடித்தால் மானின் கண்ணும் நரியின் கண்ணும் மின்னுவதை வன்னியில் காணாதவர் இல்லை. அவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படை உண்டு. மனிதக் கண்ணில் அந்தப் படை கிடையாது. அக்காவின் கண்ணில் அதைப்போலத் தெரிவது, நோய்வாய்ப்பட்ட திட்டுகள் ஒளியை வேறு விதமாகத் திருப்புவதால்.

பிழையான எக்ஸ் ஒன்றைச் சுமக்கும் பெண்களைக் காவிகள் என்பார்கள். எல்லாக் காவிப் பெண்களுக்கும் இப்படித் தெரியும் என்றில்லை. சிலருக்கு எதுவும் தெரியாது, சிலருக்கு ஆண்களைப்போலவே பார்வை கெட்டுப்போகும். எந்த எக்ஸ் எங்கே மூடியது என்பது தற்செயல். என்னுடைய படத்தையும் எடுத்தார்கள். அதில் பொன்னிறமும் இல்லை, கறுப்பும் இல்லை. அதை வைத்து நான் காவி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரத்தச் சோதனைதான் முடிவு. கொடுத்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது ஊரில் எனக்குப் பகை தேடித் தரக்கூடும். மாமாவுக்குக் கண் போனதற்கு ஊர் சொன்ன காரணம், அம்மம்மாவும் அம்மப்பாவும் மச்சான் மச்சாள் என்பது. அம்மம்மா சாகும்வரை அதை நம்பினார். சொந்தத்துக்குள் கட்டியதற்குக் கிடைத்த தண்டனை என்று. அது உண்மையில்லை. எக்ஸ் வழியாக வந்த நோய்க்கு அம்மப்பா யாராக இருந்தாலும் ஒன்றுதான். பிறத்தியில் கட்டியிருந்தாலும் அம்மம்மாவின் ஆண் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. யாராவது இதை அவருக்கு நேரத்தோடு சொல்லியிருந்தால் அந்த மனுசி அவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கத் தேவையில்லை.

அதற்காகச் சொந்தத்துக்குள் கலியாணம் கண்ணுக்குக் கெடுதி இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழைப் பிரதி வர வேண்டிய வகைகளில் அது வாய்ப்பை நேரடியாகவே கூட்டுகிறது. 1861இலேயே பேர்லினில் லீப்ரைஹ் என்ற கண் வைத்தியர், இரத்த உறவுக்குள் நடந்த கலியாணத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார். மச்சானும் மச்சாளும் தங்கள் மரபணுக்களில் எட்டிலொரு பங்கை ஒரே முன்னோரிடமிருந்து பெற்றவர்கள். அவர்களுடைய பிள்ளைக்கு ஏதாவதொரு மரபணுவின் இரண்டு பிரதியும் அந்த ஒரே முன்னோரின் பிரதியாக இருக்க 16இல் ஒரு வாய்ப்பு. ஒரு தலைமுறைக்கு இது பெரிய எண் இல்லைத்தான். ஆனால் எங்கள் ஊர்களில் ஒரு தலைமுறையோடு அது நிற்பதில்லை. போரின் கடைசிக் காலத்தில், பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கு வேறு வழி தெரியாமல் அவசர அவசரமாகச் செய்து வைத்த கலியாணங்களில் மாப்பிள்ளை பெரும்பாலும் கிட்டத்துச் சொந்தம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மச்சான் மச்சாளுக்குப் பிறந்த ஒரு ஆண் பிள்ளைக்கும் ஒரு பெண் பிள்ளைக்கும் இதே நோய். தாய் தகப்பன் இருவருக்கும் கண் சுகம். அங்கே தாயின் விழித்திரையில் பொன்னிறம் இல்லை, இருக்கவும் மாட்டாது. வெளியில் ஒரே நோய், ஒரே கரிக்கோடு. உள்ளே வேறு கணக்கு. கணக்குத் தெரியாமல் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்த பிறகும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். எங்கள் வகையில் நோயுள்ள ஆணுக்குப் பிறக்கும் பெண் பிள்ளைகள் எல்லோரும் காவிகள், தப்பவே மாட்டார்கள்; ஆண் பிள்ளைகள் ஒருவருக்கும் வராது, ஏனென்றால் தகப்பன் மகனுக்குக் கொடுப்பது வை நிறமூர்த்தம். நோயுள்ள ஆண் காவியான மச்சாளைக் கட்டினால் பெண் பிள்ளைகளுக்கும் நோய் வரக்கூடும். அந்த ஓரிடத்தில் சொந்தம் கணக்கை மாற்றுகிறது.

மருந்து இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆர்.பி.ஈ. 65 என்ற ஒரு மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு சிகிச்சை இருக்கிறது. நல்ல மரபணுவை வைரஸ் ஒன்றில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். லக்ஸ்டெர்னா என்று பெயர். 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அப்போது அறிவித்த விலை 850,000 டொலர். எங்கள் மரபணு அது இல்லை. எங்களுடையதற்கும் வெளிநாடுகளில் ஆய்வு நடக்கிறது.

அதுவரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நோயுள்ளவர்களுக்குக் கண்புரை நேரத்தோடு வரும். அதை வெட்டி எடுக்கலாம், பார்வை கொஞ்சம் திரும்பும். விழித்திரையின் நடுவில் நீர் கோர்த்தால் அதற்கு மாத்திரை உண்டு. மாமாவுக்கு இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. அவர் போன இடத்தில் "இது பரம்பரை, இனி வரத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வசனம் அவருக்குப் பல வருடப் பார்வையைக் கொண்டுபோயிற்று என்றே நான் நம்புகிறேன். பரம்பரை என்றால் இன்னும் கூட வரச் சொல்ல வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்களையும் கூட்டிவரச் சொல்ல வேண்டும். விற்றமின் ஏ மாத்திரையைப் பார்மசியில் வாங்கி அளவுக்கு மேல் விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைத்தாச்சிக்கு அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும், சில மரபணு வகைகளில் கண்ணுக்கே கெடுதி. காசை வாங்கிக்கொண்டு ஊசியால் குணமாக்குகிறோம் என்கிறவர்களிடமும் போகாதீர்கள். அமெரிக்காவிலேயே அப்படிக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணுக்குள் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை போனதை 2017இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

அக்காவின் மகனுக்கு வகுப்பில் முன்வரிசை, நல்ல வெளிச்சம், விளையாட்டு மைதானத்திலிருந்து இருட்ட முதல் வீடு. வெள்ளைப் பிரம்பை இப்போதே பழகச் சொல்லி மாமாதான் அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறார். அவன் வெட்கப்படுகிறான், மாமா விடுவதில்லை.

மாமாவின் மகள், என் மச்சாள், காவி என்பதற்குச் சோதனை தேவையில்லை. அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது மாமி மறைக்கத்தான் சொன்னார். வந்த முதல் இடம், தகப்பனின் கண்ணைப் பற்றிக் கேட்டதும் விலகியது. அடுத்த இடத்தில் மச்சாளே மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டாள்: ஆண் பிள்ளை பிறந்தால் பாதி வாய்ப்பு, பெண் பிள்ளை பிறந்தால் காவியாக இருக்கப் பாதி வாய்ப்பு. அவர் யோசிக்க நேரம் கேட்டார், பிறகு சம்மதித்தார். இப்போது அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை. வயது இன்னும் இரண்டு ஆகவில்லை. அடுத்த வருடம் கண்ணைக் காட்டப்போகிறார்கள்.

இப்போது வீட்டில் நடக்கும் சண்டை அக்காவின் மகளைப் பற்றியது. பன்னிரண்டு வயது. அவளுடைய கண்ணைப் படம் எடுத்தால், அக்காவுக்குத் தெரிந்ததுபோல, காவியா என்று தெரியக்கூடும். இரத்தச் சோதனைக்குச் சட்டம், சம்மதம், ஆலோசனை என்று எவ்வளவோ இருக்கின்றன. படத்துக்கு ஒரு துளி மருந்து போதும். ஆண் பிள்ளையென்றால் சின்னதிலேயே பார்க்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண் பிள்ளைக்கு இரவில் தடுமாற்றமோ பார்வைக் குறைவோ இல்லாதபோது, அவள் வளர்ந்து தானே கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது அவளுடைய கண், அவளுடைய செய்தி. அக்காவும் அப்படியே நினைக்கிறாள். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "என்ர பிள்ளை கலியாணம் பேசேக்கைதான் யோசிக்கத் தொடங்கினவள். இவள் முதலே தெரிஞ்சு வளரட்டும்" என்கிறார். மாமாவிடம் கேட்டோம். பிள்ளையிடமே கேளுங்கோ என்றார். இந்த விடுமுறையில் நானும் அக்காவும் அவளை இருத்தி, பூனைக் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லப்போகிறோம்.